கையெழுத்து யாருடையது? கெய்ரோ மாநாடு முதல் உங்க ஊர் பி.எச்.சி. வரை

மூணு கேள்வி கேட்கிறோம். பெண் வாசகர்கள் மனசுக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் போகலாமா என்று முடிவு செய்வது யார்? கருத்தடை வேண்டுமா, வேண்டும் என்றால் எது என்று முடிவு செய்வது யார்? விருப்பம் இல்லாத நாளில் கணவரிடம் ‘வேண்டாம்’ என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 5.6.1 என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதற்காக 15 முதல் 49 வயது வரை உள்ள, துணையுடன் வாழும் பெண்களிடம் உலகம் முழுக்கக் கேட்கப்படுகிற கேள்விகள்தான் இவை. முதல் இரண்டுக்கும் ‘நானே’ அல்லது ‘ரெண்டு பேரும் சேர்ந்து’ என்றும், மூன்றாவதுக்கு ‘முடியும்’ என்றும் பதில் வந்தால்தான் அந்தப் பெண் கணக்கில் வருவார். ஒன்றில் தவறினாலும் கிடையாது. தரவு கிடைத்த நாடுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பெண்கள்தான் மூன்றையும் தாண்டுகிறார்கள்.

‘இது வீட்டு விஷயம் ஆச்சே, இதுல ஐ.நா.வுக்கு என்ன வேலை?’ என்று கேட்கத் தோன்றும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எத்தனை கேஸ்?

1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாகக் கொண்டுவந்த நாடு இந்தியா. சிவப்பு முக்கோணம், ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ சுவர் விளம்பரம் எல்லாம் உங்க அப்பா அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் உலக அளவிலும் பேச்சு ஒன்றுதான்: மக்கள்தொகை ஏறுகிறது, அதைக் குறைத்தால்தான் வறுமை குறையும். ஆகவே மேலிருந்து இலக்கு வந்தது. இந்த மாவட்டத்துக்கு இத்தனை ஆபரேஷன், இந்த நர்ஸுக்கு இத்தனை ‘கேஸ்’. எந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

இலக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை எமர்ஜென்சி காட்டியது. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தக் கசப்புக்குப் பிறகு ஆண்களுக்கான ஆபரேஷன் அடியோடு சரிந்தது. பாரம் முழுக்கப் பெண்கள் பக்கம் சாய்ந்தது, இன்றுவரை நிமிரவில்லை.

கெய்ரோவில் மாறிய கேள்வி

1994 செப்டம்பரில் எகிப்தின் கெய்ரோ நகரத்தில் ஐ.நா. மக்கள்தொகை மற்றும் வளர்ச்சி மாநாடு நடந்தது. பொதுச் செயலாளராக இருந்து அதை நடத்தியவர் பாகிஸ்தானைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் நஃபிஸ் சாதிக். 179 நாடுகள் சேர்ந்து ஏற்ற செயல்திட்டம் கேள்வியையே மாற்றிப் போட்டது. ‘எத்தனை பேரைக் குறைக்கலாம்?’ என்பது போய், ‘அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்?’ என்பது வந்தது. எத்தனை குழந்தை, எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதை மிரட்டலோ பாகுபாடோ இல்லாமல் முடிவு செய்வது தம்பதியரின், தனிநபரின் உரிமை. அதற்கான தகவலும் வசதியும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. சாரம் இவ்வளவுதான்.

இதில் நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. கெய்ரோவுக்குச் சில மாதங்கள் முன்பே, நம்ம எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான நிபுணர் குழு ‘மேலிருந்து இலக்கு வைப்பதை நிறுத்துங்கள்’ என்று மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்திருந்தது. 1995-96-ல் தமிழ்நாடு, கேரளா முழுவதும், மற்ற மாநிலங்களில் ஓரிரு மாவட்டங்களிலும் இலக்கு இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள். 1996 ஏப்ரல் முதல் நாடு முழுக்க இலக்கு நீக்கப்பட்டது.

காகிதத்தில் நீக்கியதும் பழக்கம் போய்விடவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அங்கும் அதையடுத்து நடந்த முகாம்களிலும் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். கெய்ரோ முடிந்து 20 வருஷம் கழித்து! 2016-ல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டு நிதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கருக்கலைப்பு சேவையோ ஆலோசனையோ தரும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு நிதி தர மாட்டோம் என்று 1984-ல் அமெரிக்கா ஒரு கொள்கை அறிவித்தது. அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் அது நீக்கப்படும், திரும்பவும் வரும். ஆப்பிரிக்கக் கிராமத்து கிளினிக் ஒன்று திறந்திருக்குமா என்பது வாஷிங்டன் தேர்தலைப் பொறுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்க பி.எச்.சி.யில்?

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது? 1,000-க்கு ஒன்று. தாய்மார் இறப்பைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலம் நாம். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 இறப்பு, இங்கே 54. பிரசவத்தைப் பத்திரமாக்கிவிட்டோம். ஆனால் கருத்தடை என்றால் ‘அவளுக்கே பண்ணிடுங்க’ என்பது மட்டும் மாறவே இல்லை.

ஆண்களுக்கான தழும்பில்லாத சிகிச்சை சின்ன விஷயம். மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாம்பத்தியத்தைப் பாதிக்காது. அடுத்த மூன்று மாதம் மட்டும் வேறு கருத்தடை முறை தேவை. பிறகு ஒரு விந்துப் பரிசோதனை. இதைப் படிக்கும் ஆண்கள் வீட்டில் ஒருமுறை பேசிப் பார்க்கலாமே?

ஆபரேஷன் மட்டுமே வழியும் இல்லை. அரசு திட்டத்தில் இலவசமாகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை), தினசரி மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை எல்லாம் உண்டு. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும், பக்கவிளைவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி போடுவதாக இருந்தால், மாதாந்திர செக்கப் வரும்போதே அதைப் பேசி உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வலியில் இருக்கும்போது நீட்டுகிற பேப்பரைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இப்போது தலைப்புக்கு வருவோம். கருத்தடை ஆபரேஷனுக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கையெழுத்துப் போட வேண்டியவர் செய்துகொள்பவர் மட்டுமே. கணவர் கையெழுத்து தேவையில்லை, மாமியாருடையதும்தான்! ஆபரேஷன் செய்தும் கரு தங்கிவிட்டால் இழப்பீடு உண்டு. தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாமதிக்காதீர்கள்.

கருக்கலைப்பு பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பயந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. 1971 சட்டமும் 2021 திருத்தமும் சொல்வது: 20 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்கு, பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை தவறிப்போனதும் ஒரு காரணம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்து ஆனவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை. திருமணம் ஆகாதவருக்கும் இது பொருந்தும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்த பெண் என்றால் அவர் சம்மதம் மட்டும் போதும். பெயரையும் விவரத்தையும் ரகசியமாக வைப்பது சட்டக் கடமை.

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி இணையதளத்தில் செல்போனிலேயே நீங்களே முன்பதிவு செய்யலாம், 102-க்கும் அழைக்கலாம். கிடைக்கும் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். கருத்தடை, கருக்கலைப்பு சந்தேகங்களுக்கு 104. யாராவது கட்டாயப்படுத்தினால், அது வீட்டு ஆளாகவே இருந்தாலும், 181. ரெண்டுக்கும் எந்த நேரமும் பேசலாம்.