ஃபொக்காச்சா

ஃபொக்காச்சா என்பது ஈஸ்ட் சேர்த்து உப்பவைத்துச் சுடப்படும் இத்தாலியத் தட்டை ரொட்டி ஆகும். அடுப்பைக் குறிக்கும் 'ஃபோகஸ்' என்ற இலத்தீன் சொல்லே பெயரின் மூலம். லிகூரியாவின் ஜெனோவா நகரம் இதற்குப் பெயர்பெற்றது. அந்நகரத்தார் காலையில் இதைக் காப்புச்சினோ காப்பியில் தோய்த்தும் உண்பர்.

500 கிராம் மைதாவுடன் 7 கிராம் உலர் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 375 மி.லி. வெதுவெதுப்பான நீர், 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கலக்க வேண்டும். மாவு சப்பாத்தி மாவைப் போலத் திரளாது, கையில் ஒட்டும். புதிதாகச் செய்வோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒட்டுகிறதே என்று மேலும் மாவைத் தூவிப் பிசைந்தால் ரொட்டி இறுகி வறண்டுவிடும். மாவில் நீர் மிகுந்திருந்தால்தான் ஈஸ்ட் வெளியிடும் வாயு அதை எளிதில் விரித்துப் பெரிய துளைகளை உண்டாக்கும். எனவே, கையை நனைத்துக்கொண்டு, அரை மணிக்கொரு முறை மாவின் ஓரங்களை இழுத்து நடுவே மடித்தால் போதும். மூன்று முறை மடித்ததும் மாவு வழவழப்பாகும், பிசையவே வேண்டியதில்லை.

பிறகு எண்ணெய் தாராளமாக ஊற்றிய தட்டில் பரப்பி, இருமடங்காக உப்பும்வரை மூடிவைக்க வேண்டும். குளிர்காலத்தில் நேரம் கூடும். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே நல்லது. உப்பியதும் எண்ணெய் தொட்ட விரல்களால் அடிவரை அழுத்திக் குழிகள் இட வேண்டும். மேற்பரப்பு ஒழுங்கின்றி உப்பாமல் இவை தடுக்கும். எண்ணெயும் அவற்றில் தங்கும். ஜெனோவாவில் உப்புநீரையும் ஊற்றுவர்.

மேலே கல்லுப்பும் ரோஸ்மேரி இலையும் தூவி, முன்பே சூடேற்றிய ஓவனில் 220 பாகை செல்சியசில் 20 முதல் 25 நிமிடம் சுட வேண்டும். உலர்ந்த ஓரிகானோ எளிதில் கருகிக் கசக்கும் என்பதால், அதை எண்ணெயில் ஊறவைத்துச் சேர்க்கலாம். வெந்ததும் கம்பித்தட்டுக்கு மாற்றாவிட்டால் அடிப்பகுதி நமுத்துவிடும்.