பாழ்பட்ட தொழிற்களங்களும் நிழற்படச் சான்றும்

1. முன்னுரை

தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு, அங்கே மூவகைப் பழமைகள் அருகருகே இருந்தமை புலனாகும். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலநூல் அறிஞர் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்நாட்டுப் பழைய கற்கால ஆய்வுக்குத் தோற்றுவாயாயிற்று. அதே பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறித்த குடைவரை உளது. மூன்றாவது, 20ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற கட்டடங்களும் எந்திரங்களும் ஊர்திகளுமாம். முன்னிரண்டும் பழமை எனப் போற்றப்படுகின்றன. மூன்றாவதோ கழிவு என ஒதுக்கப்படுகின்றது.

இம்மூன்றாம் பழமையை நிழற்படத்தால் பதிவு செய்தல் பொழுதுபோக்காய் மட்டும் நிற்குமா, ஆய்வுத்துறைக்குச் சான்றாகவும் அமையுமா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமையும் என்பதும், ஆயின் அதற்குச் சில வரையறைகள் வேண்டும் என்பதும் நம் கருத்தாகும்.

2. பாழ் என்னும் பொருள்

பாழ்பட்ட இடத்தை உற்று நோக்குதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. அகநானூற்றின் 167ஆம் பாட்டு, மாந்தர் நீங்கிய ஊரின் பொதுவிடத்தைக் காட்டுகின்றது. செங்கற் சுவரில் விட்டம் வீழ்ந்தமையும், எழுதப்பட்ட கடவுள் அவ்விடம்விட்டு நீங்கியமையும், பலியிடுதலும் மெழுகுதலும் ஒழிந்த திண்ணையும் அங்கே ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. புலவர் ‘ஊர் பாழாயிற்று’ எனப் பொதுவாகச் சொல்லி அமையவில்லை. எப்பகுதி எவ்வாறு சிதைந்தது, எச்செயல் நின்றது என்று நுணுகிக் காண்கின்றார். அந்நுணுக்கமே பாழ்பட்ட தொழிற்களத்தைப் படமெடுப்பார்க்கும் வேண்டற்பாலது. துருவின் நிறமும் சுவரில் படர்ந்த கொடியும் அழகாயிருத்தல் வேறு. நின்றுபோன தொழிலின் சுவடு தெரிதல் வேறு.

3. வண்டலூர்த் தொழிற்சாலை

இதற்குத் தக்க சான்று வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையாகும். 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்து வடிவங்களைத் தழுவி வான்கார்டு முதலிய கார்களைச் செய்தது; 1961 முதல் ஹெரால்டு காரையும், 1972 முதல் கெஸல் காரையும் வெளியிட்டது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 சந்தையில் நிலைபெறவில்லை. தொழிற் பூசல்களும் உடன்சேர, 1988இல் உற்பத்தி முற்றும் நின்றது. அதன்பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் பயனின்றிக் கிடந்த அவ்விடம் 2006இல் ஏலத்தில் கைமாறிற்று. தொழிற்சாலை இருந்த நிலத்தில் பின்னர்த் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையுடையவற்றையே தொல்சின்னம் எனக் கொள்ளும். 1948க்குப் பின் எழுந்து 2006இல் கைமாறிய ஒரு தொழிற்சாலை அவ்வெல்லையை எட்டுதல் யாங்ஙனம்? தொழிற்கட்டடத்தின் வாழ்நாள் சட்டம் வேண்டும் அகவையினும் குறுகியது. ஆதலின் காப்புப் பெறுமுன்னரே அது மறையும். மூடப்பட்டதற்கும் இடிக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட அச்சில ஆண்டுகளே பதிவுக்குரிய காலமாகும். இடிந்தபின் எழுதப்படும் வரலாறு நினைவை நம்பியதாகவே அமையும்.

குரோம்பேட்டையின் பெயரும் இத்தகையதே. குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையைக் கையாண்ட குரோம் லெதர் நிறுவனத்தால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. வேதியியற் சொல்லொன்று ‘பேட்டை’ என்னும் தமிழ்ச் சொல்லுடன் கூடி ஊர்ப்பெயராய் நிற்கின்றது. தொழில் மறையினும் பெயர் நிற்கும். ஆயின் பெயருக்குப் பொருள் கூறும் கட்டடம் மறைந்தால், பின்வருவார் அப்பெயருக்குப் பொய்க்கதை புனைதலும் கூடும். ஊர்ப்பெயர் ஆய்வார் இவ்விடரை நன்கறிவர்.

4. நிழற்படம் சான்றாதல்

1858ஆம் ஆண்டு, சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராய் இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். அழகுக்காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், எழுத்து ஓடும் வழியே கருவியை நகர்த்திச் சென்றமையே அப்படத்தின் சிறப்பு. படத்தைச் சான்றாக்குவது இவ்வொழுங்கு முறையே.

மேலைநாட்டில் இம்முறையைத் தொழிற்கட்டடங்களுக்குக் கையாண்டவர் செருமானிய நாட்டு பெர்ண்டு பெக்கர், ஹில்லா பெக்கர் இணையராவர். 1959 முதல் அவர்கள் நீர்த்தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள் ஆகியவற்றை மேகம் மூடிய நாளில், நேர்முகமாக, நிழல் விழாது படமெடுத்தனர். ஒருவகைக் கட்டடங்களின் படங்களை வரிசையாக அடுக்கினர். தனித்து நோக்கின் வெறுங்கட்டடமாய்த் தோன்றுவது, இனத்தோடு வைத்து நோக்கின் தன் அமைப்பிலக்கணத்தை வெளிப்படுத்தும். பல சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடம் காணும் முறையோடு இஃது ஒத்தது என்க. செருமனியின் ஃபோல்க்கிலிங்கன் இரும்பாலை 1994இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டமை, இத்தகைய கட்டடங்கள்மேல் உலகின் நோக்கு மாறியதற்குச் சான்றாகும்.

5. எழுத்துச் சான்று

தமிழ்த்துறையார்க்கு நேரே உரிய பகுதி இதுவாகும். தொழிற்சாலைச் சுவர்களில் அறிவிப்புகளும், எச்சரிக்கைகளும், தொழிற்சங்க முழக்கங்களும் தமிழில் எழுதப்படுவன. இவை நாளிடப்படாதவை, எனினும் காலம் காணற்கு வழி உண்டு. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்னும் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறிற்று. ‘தொழிற்சாலை’, ‘ஆலை’, ‘வேலை’ என்னும் மூன்று சொற்களும் ‘லை’ என முடிவன என்பதனை நோக்குக. தொழிற்களத்து எழுத்தில் இச்சொற்களுள் ஒன்றேனும் வருதல் பெரும்பான்மை. அந்த ‘லை’ பழைய துதிக்கை வடிவில் இருப்பின், எழுத்து 1978க்கு முற்பட்டதாதல் வேண்டும், அன்றேல் பழைய கைப்பழக்கம் விடாத ஓவியர் எழுதியதாதல் வேண்டும். ஆதலின் இவ்வொரு சான்றே முடிபன்று. பெயிண்டின் அடுக்கு, சொல்வழக்கு, நிறுவனப் பெயர் ஆகியவற்றோடு பொருத்தியே துணிதல் வேண்டும். ‘மதராஸ்’, ‘சென்னை’ என்னும் ஊர்ப்பெயர் வேறுபாடும், 1969இல் மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்றமையும் இவ்வாறே துணைசெய்யும்.

6. துருப்பிடித்த ஊர்திகள்

ஊர்திகளுக்கும் இம்முறை பொருந்தும். டிரையம்ப் ஹெரால்டின் வழிவந்த ஹெரால்டு கார், அடிச்சட்டம் வேறாகவும் மேலுடல் தகடுகள் அதன்மேல் திருகாணியால் பிணைக்கப்பட்டனவாகவும் அமைந்தது. ஆதலின் தகடுகள் உதிர்ந்தபின்னும் அடிச்சட்டம் எஞ்சக்கூடும். நான்கு கதவுடைய ஹெரால்டு 1968இல் இந்தியாவிலேயே வெளியிடப்பட்டது. எனவே முட்புதரில் கிடக்கும் பெயரற்ற ஹெரால்டு ஒன்றின் பக்கத் தோற்றம் மட்டும் படத்தில் தெளிவாயிருப்பினும், அது செய்யப்பட்ட நாட்டையும் காலத்தின் மேலெல்லையையும் கூறிவிடலாம். பதிவெண்ணும் அத்தகையது: 1989 முதல் மாநிலக் குறியும் வட்டார எண்ணும் சேர்ந்து வருதல் வழக்கமாயிற்று, அதற்கு முற்பட்டவை மூன்றெழுத்துக் குறியுடையவை.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் இரும்பை விரைந்து அரிக்கும். துரு இரும்பினும் மிகுந்த இடம் கொள்வதால், காங்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பி துருவேறியதும் மேற்பூச்சு வெடித்து உதிர்கின்றது. அதனோடு எழுத்தும் உதிர்கின்றது. இயற்கையின் விரைவுக்கு அரசாணையும் துணையாகின்றது: பதினைந்து ஆண்டு கடந்த அரசு ஊர்திகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைக்கப்படுதல் சூழலுக்கு நன்றாயினும், பதிவுக்குரிய காலம் மேலும் சுருங்கியது.

7. நிழற்படத்தின் குறையும் அதற்கு மருந்தும்

ஒரு தொழிற்சாலையின் படம் அத்தொழிற்சாலைக்குள் நிகழும் உறவுகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் உணர்த்தாது என்பது 1931இல் பெர்டோல்ட் பிரெக்ட் கூறிய கருத்து. அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரின் பாழ்களைக் காட்டும் படங்கள்மேலும், அழகைக் காட்டி மாந்தரை மறைக்கின்றன என்னும் குறை கூறப்பட்டதுண்டு. இக்குறை உண்மையானதே. வெறுங்கூடத்தின் படத்தில் உழைத்தவர் இல்லை. சங்கு ஊதிய நேரம் இல்லை. வேலையிழந்த குடும்பம் இல்லை.

ஆயின் இதற்கு மருந்து நம் மரபிலேயே உண்டு. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர், பாடிய சூழல் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. அக்குறிப்புகள் இன்றேல் பல பாட்டுகள் யாரைப் பற்றியவை என்பதே விளங்காது. நிழற்படத்திற்கும் அத்தகைய அடிக்குறிப்பு வேண்டும்: இடம், நாள், திசை, கூடத்தில் நிகழ்ந்த தொழில், அங்கே உழைத்தவர் அக்கருவிக்கும் அவ்விடத்திற்கும் வழங்கிய பெயர். இவற்றுள் இறுதியதே மிக விரைவில் அழிவது. 1988இல் வேலையிழந்தவர் இன்று முதியவர். அவர்தம் பட்டறை வழக்குச் சொற்கள் அகராதி ஏறாமலே மறையக்கூடும். படத்தை அவர்முன் வைத்து வினவின், மறந்த சொல்லும் நினைவுக்கு வரும். படமும் சொல்லும் ஒன்றையொன்று நிரப்புதல் இவ்வாறாம்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், கைவிடப்பட்ட தொழிற்களங்களின் நிழற்படம் மூன்று நெறிகளைப் பின்பற்றின் ஆய்வுச் சான்றாகும் என்பது பெறப்படும். ஒன்று, அழகுக்காகத் தேர்ந்தெடாது முழுமையும் வரிசையாகப் படமெடுத்தல். இரண்டு, எழுத்தையும் பொறியமைப்பையும் காலங்காட்டும் அடையாளங்களாகக் கொள்ளுதல். மூன்று, உழைத்தவர் சொல்லை அடிக்குறிப்பாகச் சேர்த்தல். உரியவர் இசைவு பெறாது உள்நுழைதலும், கிடக்கும் பொருளை எடுத்தலும், இடம் மாற்றிவைத்தலும் சான்றைக் கெடுக்கும் செயல்களாதலின் விலக்கத்தக்கன. மீனம்பாக்கம் வானூர்தி நிலையமும் தாம்பரம் வான்படைத் தளமும் அண்மையிலிருத்தலின், இசைவு பெறுதலில் மிகுந்த கருத்து வேண்டும்.

புறநானூற்றின் 267, 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைத்தில. ஏட்டில் இருந்தபோது படியெடுப்பாரின்றி அவை மறைந்தன. வண்டலூர்த் தொழிற்சாலைச் சுவர்களும் இன்று இல்லை. எஞ்சியுள்ள கொட்டகைகளையும் புகைபோக்கிகளையும் பதிவு செய்யும் பணியில், முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் ஒரு தொழிற்களத்தையேனும் ஏற்பாராயின், ஊர்ப்பெயராய்வும் கலைச்சொல் ஆய்வும் எழுத்தியலும் ஒருங்கே பயன்பெறும்.