அறிவு மட்டும் போதுமா?



பருவ வயதுப் பிள்ளைகள் பாலியல் நலம் பற்றி எவ்வளவு அறிந்துள்ளனர் என்பதைச் சில வினாக்களால் கண்டுவிடலாம். ஆனால், தீய வற்புறுத்தல் நேரும்போது மறுத்துரைக்கும் துணிவு அவர்களிடம் உண்டா என்பதை எவ்வாறு அளப்பது?

‘என்னால் இயலும்’ என்ற நம்பிக்கையே மனிதனைச் செயலில் இறக்குகிறது என்று 1977-இல் விளக்கினார் உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா. அந்நம்பிக்கையை 0 முதல் 100 வரை மதிப்பிடும் முறையையும் அவர் வகுத்தார். ‘மறுக்க இயலுமா? மருத்துவரிடம் கூசாமல் கேட்க இயலுமா?’ எனத் தனித்தனியே வினவ வேண்டும்.

எனினும், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே உண்மை வெளிப்படும். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் குயின்ஸ்லாந்தில் 2011-இல் பூர்வகுடி இளையோரிடையே சிபிலிஸ் என்னும் மேகநோய் பரவத் தொடங்கியது. கருவிலுள்ள சிசுவையும் தாக்கும் கொடிய நோய் இது. 2011 முதல் 2013 வரை நடந்த ‘கோவானா’ ஆய்வு, 16 முதல் 29 வயது வரையிலான 2,877 பூர்வகுடி இளையோரின் அறிவையும் நடத்தையையும் கேட்டறிந்தது. பெயர் கேட்கப்படவில்லை. அவர்கள் கூடும் விழாக்களிலேயே, அச்சமூகத்தின் சொந்தச் சுகாதார அமைப்புகளின் துணையுடன் அது நடைபெற்றது.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. மார்க்க விளக்கம் பெற நாணத்தைத் தடையாக்காத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ தம் ஐயத்தை உங்களிடம் அச்சமின்றிக் கேட்கும் நிலை இல்லத்தில் உண்டா? இன்றே சிந்தியுங்கள். அல்லாஹ் நம் சந்ததியரைக் காத்தருள்வானாக!