சுக்கான் நடுக்கமும் பாரவூர்திச் சில்லும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரியும் படுவான்கரை வயல்களின் நெல்லை வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்பவை லொறிகளே. அவற்றின் சுக்கான் நடுங்கும்போது பழி வீதிமீதோ சாரதிமீதோ சுமத்தப்படுவதுண்டு. ஆயின் செப்பமான வீதியிலும் குறித்ததொரு வேகத்தில் நடுக்கம் எழுந்து, அவ்வேகத்தைக் கடந்ததும் தணியுமாயின், முதலில் ஐயுறவேண்டியது முன்சில்லுகளின் சமநிலையையே.

அரை மீற்றர் ஆரையுடைய ரயரின் விளிம்பில் ஓரிடத்தில் 100 கிராம் மிகுந்திருப்பின், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய 55 நியூற்றன் விசையோடு, செக்கனுக்கு ஐந்து முறைக்குமேல் அச்சை உலுக்கும். வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்காகும். இவ்வுலுக்கலின் மீடிறன் சுக்கான் தொகுதியின் இயற்கை மீடிறனோடு ஒன்றும்போது பரிவு நிகழ்கின்றது.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ரயர் குளிர்ந்திருக்கையில் காற்றழுத்தத்தை அளந்து, றிம்மின் உட்புறத்தில் இறுகிய சேற்றை அகற்றல் வேண்டும். பின்னர் சில்லை உயர்த்திச் சுழற்றி, வட்டம் பிசகுகின்றதா என நோக்கல் வேண்டும். பிசகிய வட்டத்தை ஈயக்கட்டி திருத்தாது. ரயரிற் புடைப்புக் காணின் வண்டியை ஓட்டலாகாது. முன்சில்லுகளை நல்ல நிலையிலுள்ள, அளவொத்த பின்சில்லுகளோடு மாற்றியதும் சுக்கான் அமைதியுறின் குற்றம் சில்லினதே. அன்றேல் கிங்பின், பெயரிங், இணைப்புக்கோல் ஆகியன ஆராயப்படல் வேண்டும். பிறேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கின் பிறேக் உருளையை நோக்குக.

ரயரின் செலவு ஒத்திப்போடப்படுகையில் அதன் விலையைச் செலுத்துபவை சாரதியின் கைகளும் தோள்களுமே. முறையான சோதனை அவரது முறைப்பாட்டுக்குச் சான்றாகின்றது.