பேய்க்கதையும் வீட்டுப் பயமும்



கற்பிட்டிக் கரையோரத்தில் வளர்ந்த எங்களுக்குப் பேய்க்கதை புதிதல்ல. ஆனால் சில பிள்ளைகளுக்குப் பயம் வெளியிலிருந்து வருவதில்லை. குடித்துவிட்டுக் கதவைத் தட்டும் தகப்பனோடு அது வீட்டுக்குள் வருகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட ‘த ஷைனிங்’ நாவலை மாணவிகள் சிலருக்குக் கதையாகச் சொன்னேன். குடியை விடப் போராடும் ஒருவன், மனைவியோடும் ஐந்து வயது மகனோடும் பனிக்காலத்தில் ஆளில்லாத ஹோட்டலொன்றைப் பராமரிக்கப் போகிறான். அங்குள்ள ஆவிகளின் பிடியில் சிக்கி, பெற்ற பிள்ளையையே கொல்லத் துரத்துகிறான். ஆவிகளைக் காணுமுன்பே குடிவெறியில் மகனின் கையை முறித்தவன் அவன். அந்தக் காலத்தில் தானும் குடிக்கு அடிமையாக இருந்ததாக கிங் பின்னர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.

கதை முடிந்ததும் ஒரு பிள்ளை மட்டும் எழும்பிப் போகவில்லை. “எங்கட அப்பா குடிச்சிட்டு வந்தா நான்தான் டீச்சர் கதவடியில படுக்கிறது. தம்பியாக்கள அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டு அம்மாவுக்கு முன்னால நிப்பன்” என்றாள். அவளது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

‘பொறுப்பான பிள்ளை’ என்று புகழ்ந்துவிட்டுப் போகலாமா? நித்திரையில்லாத பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஏறும்? தாயைக் காக்க ஒரு மகன் கத்தியைத் தூக்கினால் மறியலுக்குப் போக வேண்டியவனும் அவனே. வீட்டைக் காப்பது பெரியவர்களின் கடமை.

2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். பாதிக்கப்பட்டவரின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். மனதை வதைப்பதையும் இச்சட்டம் வன்முறையாகவே கொள்கிறது. பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும், பிள்ளைகள் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைத்து உதவி கேட்கலாம்.

‘குடும்ப விசயம்’ என்று நாம் யன்னலைச் சாத்திக்கொள்ளும் இரவில் ஒரு பிள்ளை தனித்து நிற்கிறது. அந்த நாவலில், சிறுவனின் அழைப்பை மனத்தால் உணர்ந்த ஹோட்டல் சமையற்காரர் வெகுதூரத்திலிருந்து ஓடி வருகிறார். நமக்கோ அடுத்த வீடு நாலு எட்டுத்தான். சத்தம் கேட்டால் போய்க் கதவைத் தட்டுங்கள், சகோதரிகளே. தனியாகப் போகப் பயமென்றால் நாலு பேராகப் போங்கள்.