பாதை யாருக்காகப் போடப்பட்டது?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியாக ஒரு நடைப்பயணப் பாதை செல்கிறது. ஜார்ஜியாவில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து மேய்னில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் நமது நெடுஞ்சாலையைப் போல் நான்கரை மடங்கு.

இந்தப் பாதை, அதை முதலில் கனவு கண்டவரின் நோக்கப்படியே இருக்க வேண்டுமா, காலத்துக்கேற்ப மாறலாமா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு.

யாருடைய யோசனை?

பென்டன் மெக்காய் வனத்துறையில் பணியாற்றியவர். 1921-இல் கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் இத்திட்டத்தை எழுதினார். நகரத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்தவர்கள் மலைக்காற்றில் இளைப்பாற வேண்டும் என்பதே அவர் எண்ணம். வழியெங்கும் தங்கும் முகாம்கள், கூட்டுறவு முறையில் நடக்கும் குடியிருப்புகள், பண்ணைகள் ஆகியவற்றையும் அவர் திட்டமிட்டார். நடைபாதை அத்திட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே.

யார் போட்ட பாதை?

பாதையை நிறைவேற்றிக் காட்டியதில் வழக்கறிஞர் மைரன் ஏவரிக்குப் பெரும்பங்கு உண்டு. தொண்டர்களைத் திரட்டி வேலை வாங்கினார். 1937-இல் பாதை முழுமை பெற்றது. தங்குமிடங்கள் வந்தன, குடியிருப்புகளும் பண்ணைகளும் வரவில்லை.

இடையில் வர்ஜீனியாவின் செனண்டோவா மலைமுகட்டில் வாகனச் சாலை போடப்பட்டது. மெக்காய் அதைக் கடுமையாக எதிர்த்தார். பாதையைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம் என்றார் ஏவரி. இருவரும் பிரிந்தனர். 1935-இல் மெக்காய் வேறு சிலருடன் சேர்ந்து காடுகளைக் காக்க ‘வில்டர்னஸ் சொசைட்டி’யைத் தொடங்கினார்.

இன்றைய நிலை

1948-இல் எர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர் முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்தார். அதன் பிறகு, முழுதாக நடப்பதே பெரிய சாதனையாகப் பேசப்படுகிறது. அதற்கு 5 முதல் 7 மாதங்கள் தேவை. தொடங்குபவர்களில் நால்வரில் ஒருவர்தான் முடிக்கிறார். அன்றாடம் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அத்தனை மாத விடுப்பு எங்கே கிடைக்கும்?

ஆனால், ஆண்டுதோறும் இங்கு வரும் 30 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாளோ சில நாள்களோ நடந்துவிட்டுத் திரும்புபவர்கள். மெக்காய் நினைத்துப் பார்த்தது இவர்களைத்தான்.

எதைப் பின்பற்றுவது?

மெக்காயின் 1921 திட்டப்படி முதன்மைப் பாதை நியூ ஹாம்ஷரின் வாஷிங்டன் மலைக்கும் வட கரோலினாவின் மிட்செல் மலைக்கும் இடையே மட்டுமே. அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருந்தால் இன்றைய இரு முனைகளும் இருந்திருக்காது. எனவே தடம் மாறுவதில் தவறில்லை.

காக்க வேண்டியது அவரது நோக்கத்தை. புதிய தங்குமிடமோ சாலையோ பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும்: வாரத்தில் ஒரு நாள் மட்டுமே ஓய்வு கிடைக்கும் தொழிலாளி இங்கு எளிதாக வந்துபோக முடியுமா? வந்தால், அவர் தேடி வந்த அமைதி இங்கே இருக்குமா?