அரிசியைத் தாண்டி ஒரு கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து தேவை என்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் எண்களில் வரையறுத்தது. அதன்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குப் புரதம் சுமார் 46 கிராம், இரும்புச்சத்து 29 மில்லிகிராம் வேண்டும். மில்லிகிராமை மட்டுமே துரத்தினால் கடைசியில் மாத்திரை டப்பாவில் போய் நிற்போம். நம் தட்டில் அரிசிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள விகிதம் மாற வேண்டும் என்பதே இந்த எண்கள் சொல்லும் செய்தி.

கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் அரிசி உண்டால் சுமார் 1,400 கலோரி கிடைக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தேவையான 1,660 கலோரியில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் புரதம் 32 கிராமைத் தாண்டாது. இரும்புச்சத்து 3 மில்லிகிராமைக்கூட எட்டாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. இந்தத் தட்டும் அவற்றில் ஒன்று. அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று பிரித்துத் தருகிறது. தானிய உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் உறிஞ்சுகிறது. கீரைப் பொரியலோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

மாத்திரை போதாதா என்று கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை அவசியம்தான். ஆனால் புரதத்தையும் நார்ச்சத்தையும் அது தராது. விலைவாசி பற்றிய கேள்வி இதைவிட வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை ஆகியவை ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் நாளுக்கு 85 கிராம் என்றால் பெரியவர்கள் நால்வருக்கு மாதம் 10 கிலோ பருப்பு வேண்டும். ரேஷன் கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் துவரம்பருப்போ அட்டைக்கு ஒரு கிலோ. அரிசியை இலவசமாகத் தந்து பசியைத் தணித்த மாநிலம், அடுத்ததாகப் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் சத்தான உணவு உண்ணுங்கள் என்று ஏழைக் குடும்பத்துக்கு அறிவுரை சொல்வது நியாயமில்லை.